கணக்கைக் கேட்ட கிராமங்கள்

(ஊராட்சி மன்றத் தலைவர்கள், உறுப்பினர்கள், ஊராட்சிச் செயலர்கள் ஆகியோருக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்முகாமின் நிகழ்ச்சி நிரலில் "கணக்குகளும் தணிக்கையும்" என்ற தலைப்பு நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பகல் உணவுக்குப் பிந்திய வேளையில் இத்தகைய தலைப்பில் பேச முற்படுவோர், கேட்போரின் பொறுமையையே முதலில் தணிக்கை செய்ய வேண்டியவராகின்றனர். ஆகவே, பதிவேடுகளின் பெயர்களையும் படிவ எண்களையும் நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, அப்பதிவேடுகளைக் காட்டுங்கள் என்று சாதாரணக் கூலி வேலைக்காரர்கள் கேட்டு நின்ற ஒரு வரலாற்றை இன்று கூற விரும்புகின்றோம். அது நம் மாநிலத்தில் நிகழ்ந்ததன்று, இராஜஸ்தானத்தில் நிகழ்ந்தது. ஆயினும் அதில் வரும் மேசையும் நாற்காலியும், பூட்டிய அலமாரியும் நமக்கு மிகவும் பழக்கமானவை. அவை ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் மேசையும் அலமாரியுமே.

வட்டார வளர்ச்சி என்னும் ஏற்பாடு இந்நாட்டில் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன் தொடங்கியது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், பல்வந்தராய் மேத்தா குழுவினர், மக்கள் தம்முடையதாகக் கொள்ளாத வரையில் இத்திட்டம் வேரூன்றாது என்று கண்டு, மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையைப் பரிந்துரைத்தனர். அதனை முதன்முதல் ஏற்று நடத்த முன்வந்த மாநிலம் இராஜஸ்தானமே. 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாகௌரில் பண்டித நேரு அதனைத் தொடங்கிவைத்தார். பஞ்சாயத்து ஆட்சி பிறந்த அதே மண்ணில், ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, பஞ்சாயத்துக் கணக்கைப் பார்ப்பதற்கு மக்கள் தெருவில் அமர வேண்டியிருந்தது.

அப்பகுதி ஆரவல்லி மலைத்தொடரை ஒட்டியது. மழை பொய்ப்பது அங்கே வழக்கம். நிலம் சிறு துண்டுகள். பயிராவது பெரும்பாலும் மக்காச்சோளமும் கோதுமையும். ஆண்களுள் பலர் பிழைப்பு நாடிக் குஜராத்தின் நகரங்களுக்குச் சென்றுவிடுவர். ஊரில் எஞ்சியிருக்கும் பெண்களும் முதியவர்களும் வறட்சி நிவாரண வேலைக்குச் செல்வர். ஏரிக்கரை உயர்த்துதல், சாலைக்கு மண் கொட்டுதல், கல் உடைத்தல் ஆகியவையே அவ்வேலைகள். சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நிவாரண வேலையாயினும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்து வழங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்கு முரணானது என்று, அதே இராஜஸ்தானத்தைப் பற்றிய ஒரு வழக்கில் 1983-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு தில்லியில் இருந்தது. கூலி பழையபடியே இருந்தது.

1987-ஆம் ஆண்டில் மூவர் அங்கே தேவ்துங்ரி என்னும் சிற்றூருக்குக் குடிவந்தனர். ஒருவர் திருமதி அருணா ராய். சென்னையில் 1946-ஆம் ஆண்டு பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1975-இல் அப்பதவியைத் துறந்தவர். மற்றொருவர் நிகில் டே என்னும் இளைஞர். மூன்றாமவர் சங்கர் சிங். அப்பகுதியின் பேச்சும் பாட்டும் பொம்மலாட்டமும் கைவந்தவர், குடும்பத்துடன் வந்தவர். மண்சுவர் வீடொன்றில் தங்கி, ஊரார் உண்பதையே உண்டு வாழ்ந்தனர். அயல்நாட்டுப் பணத்தையோ நிறுவனங்களின் நன்கொடையையோ நாடுவதில்லை என்றும், முழுநேர ஊழியர் எவரும் ஒரு கூலியாளின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் பெறுவதில்லை என்றும் வரையறை செய்துகொண்டனர். இதை ஒரு துறவு என்று சிலர் புகழ்வதுண்டு. நமக்கு அது துறவாகத் தோன்றவில்லை. கூலியைப் பற்றிப் பேச வருபவர் அக்கூலியில் ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்ப்பது, பேச்சுக்கு வேண்டிய தகுதி என்றே கருதுகின்றோம்.

கூலி ஏன் குறைந்தது என்று வேலையாட்கள் கேட்டபோது கிடைத்த விடை ஒன்றே: நீங்கள் குறைவாக வேலை செய்தீர்கள், அளவுப் புத்தகத்தில் அவ்வாறே உள்ளது. தாடி ரபட் என்ற இடத்தில் வேலையாட்கள் முழு அளவும் வேலை செய்துவிட்டு முழுக்கூலி கேட்டனர். அப்பொழுதும் அதே விடை. அப்படியாயின் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றனர். அது அரசாங்க இரகசியம் என்று மறுமொழி வந்தது. 1923-ஆம் ஆண்டில் வெள்ளையர் ஒற்றர்களுக்கென இயற்றிய ஒரு சட்டத்தின் நிழல், ஓர் ஏரிக்கரையில் எத்தனை கன அடி மண் விழுந்தது என்னும் செய்தியின்மீதும் படிந்திருந்ததை என்னென்பது!

இங்கே மஸ்டர் ரோலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்தவர் பெயர், வந்த நாட்கள், கூலி, கையொப்பம் அல்லது கைநாட்டு ஆகிய இவ்வளவே அதில் உண்டு. வேலையாளின் பெயரால் எழுதப்படுவது. ஆனால் அவர் வாசிப்பதற்காக எழுதப்படுவதன்று. அது வேலைத்தலத்திலிருந்து அலுவலகத்திற்கு வந்து, பட்டியலோடு சேர்ந்து, தணிக்கையாளரிடம் போகிறது. தணிக்கையாளர் திறமையுடையவரே, கூட்டல் பிழையைக் கண்டுபிடிப்பார், கையொப்பம் விடுபட்டதைக் கண்டுபிடிப்பார். பட்டியல் பணப்புத்தகத்தோடு பொருந்துகிறதா, பணப்புத்தகம் வங்கிக் கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். காகிதத்தோடு காகிதத்தைப் பொருத்தும் வேலை அது. காகிதத்தோடு மனிதரைப் பொருத்துவது யார்? பட்டியலில் ஏழாவதாக இருக்கும் பெயருக்குரியவர் ஆறு மாதங்களாக ஊரிலேயே இல்லை என்பது, அவருக்கு அடுத்த வீட்டுக்காரருக்கன்றி வேறு எந்தத் தணிக்கையாளருக்குத் தெரியும்?

1990-ஆம் ஆண்டு மே முதல் நாள் பீம் என்னும் ஊரில் அவ்வேலையாட்களும் சிறு விவசாயிகளும் கூடி ஒரு சங்கம் கண்டனர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்பது அதன் பெயர்; உழைப்பாளரும் உழவரும் ஒன்றுபட்ட வலிமை என்று பொருள் கொள்ளலாம். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் குறைந்தபட்சக் கூலி கேட்டு உண்ணாநோன்பு இருந்தனர். அரசாங்கம் வாக்களித்தது, கூலி சில இடங்களில் உயர்ந்தது, சில இடங்களில் உயரவில்லை.

அதன்பின் அவர்கள் செய்த ஒரு காரியத்தைப் பலர் அடிக்குறிப்பாகவே சொல்லிச் செல்கின்றனர். நாமோ அதில் சற்றுத் தங்க விரும்புகின்றோம். பீமில் அவர்கள் ஒரு மளிகைக் கடை திறந்தனர்! கோஷம் போட்டவர்கள் தராசு பிடித்தார்கள். குறைந்த இலாபம், சரியான எடை, மிகுந்த விற்பனை என்பது முறை. அதன் விலைக்கு ஈடுகொடுக்கக் கடைத்தெருவின் மற்ற வியாபாரிகளும் தம் விலையைக் குறைக்க நேர்ந்தது. 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் பண்டகசாலையை அறிந்த நம்மவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று.

கணக்குக் கேட்கும் போராட்டத்திற்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வினவலாம். நிரம்பச் சம்பந்தம் உண்டு என்பது நம் துணிபு. கிராமத்தில் ஒரு கூலிக்காரர் யாரிடம் பற்று வைத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அரிசி பருப்புக்குக் கடைக்காரரிடம். மருத்துவச் செலவுக்கு ஊர்ப் பெரியவரிடம். வேலைக்குப் பெயர் எழுதுவோரின் தயவு தனி. இம்மூவரும் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உறவினராகவோ வேண்டியவராகவோ இருப்பர். அத்தகைய நிலையில், "என் பெயருக்கு எதிரே இருக்கும் கைநாட்டு என்னுடையதன்று" என்று பலர்முன் எழுந்து சொல்வதற்கு வாயில் மட்டும் துணிவு இருந்தால் போதாது. வீட்டு அடுப்பிலும் இருக்க வேண்டும். பற்றுக்குக் கட்டுப்படாமல் மளிகை வாங்க ஓரிடம் கிடைப்பது அத்துணிவின் முதற் படி. ஊர்க்கூட்டத்தில் ஏன் எவரும் வாய் திறப்பதில்லை என்று அலுத்துக்கொள்ளும் நம் போன்ற உத்தியோகஸ்தர்கள் இதனைச் சிந்திப்பது நலம்.

இனி, அவர்கள் கண்டுபிடித்த புதிய முறைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், பாலி மாவட்டத்தைச் சேர்ந்த கோட் கிரானாவில் முதல் "ஜன் சுன்வாயி", அதாவது மக்கள் விசாரணை, நடைபெற்றது. தொடர்ந்து பீம், விஜயபுரா, ஜவாஜா, தானா என்று நான்கு மாவட்டங்களில் நடந்தது. முறை மிக எளிது. முதலில் தஸ்தாவேஜுகள் வேண்டும். அவற்றைப் பெறும் உரிமை எவருக்கும் இல்லாத காலம் அது. மனமுவந்த சில அதிகாரிகள் பார்வையிட இசைந்தனர். தொண்டர்கள் அமர்ந்து கையாலேயே படியெடுத்தனர். படியெடுத்ததை ஊருக்கு எடுத்துச் சென்று, வீடு வீடாக ஏறிப் பெயர் பெயராகக் கேட்டனர். பின்னர் ஒரு நாள் குறித்து, பொட்டலில் ஒரு பந்தல் கட்டி, ஓர் ஒலிபெருக்கி வைத்து, வெளியூரிலிருந்து வழக்கறிஞர், பத்திரிகையாளர், ஆசிரியர் முதலியோரை நடுவராக அழைத்தனர். ஊர்த் தலைவரும் அலுவலர்களும் தம் பக்கத்தைச் சொல்ல அழைக்கப்பட்டனர். பிறகு மஸ்டர் ரோல் உரக்க வாசிக்கப்பட்டது.

அன்று வெளிப்பட்டவற்றை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இறந்தவர் வேலை செய்திருந்தார். ஊரைவிட்டுச் சென்றவர் கையொப்பமிட்டிருந்தார். முற்றுப்பெற்றது எனப் பணம் கொடுக்கப்பட்டிருந்த ஒரு கட்டிடம், கூட்டத்தினர் கண்ணெதிரே அரைகுறையாக நின்றது. ஓரிடத்தில், பொருள் வழங்கியதாகப் பட்டியல் கொடுத்திருந்த கம்பெனியே வெறும் பெயரளவில் இருந்தது. கவனிக்க வேண்டியது இக்குற்றங்களையன்று, இவற்றைக் கண்டுபிடித்தவர்களை. எழுத்தறியாத மூதாட்டிகள் அவற்றைக் கண்டுபிடித்தனர். வாசிக்க ஒருவர் இருந்தால் போதும், சரிபார்க்க ஊரே படித்தது என்பது அப்பந்தல்களில் மெய்ப்பிக்கப்பட்டது.

நம் உத்தியோக வர்க்கத்தின் பதில் எப்படி இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அங்குள்ள கிராம சேவகர்கள், நம் ஊராட்சிச் செயலர்களைப் போன்றவர்கள், தாங்கள் அரசாங்கத் தணிக்கைக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்று கூறிக் கணக்குகளைக் காட்ட மறுத்தனர். அவர்களுள் எல்லோரும் கையூட்டு வாங்கியவர்கள் என்று நாம் கருதவில்லை. மேலிருந்து வரும் கேள்விக்கு விடை எழுதியே பழகியவருக்குக் கீழிருந்து வரும் கேள்வி அவமதிப்பாகத் தோன்றுவது இயல்பு. நேர்மையான அலுவலருக்கே அப்படித் தோன்றக்கூடும். எந்த அலுவலகத்திலும், சரியாக எழுதப்பட்ட பதிவேட்டைக் கேட்கும்போதும் முதலில் எழும் வினா, "எதற்கு இவருக்கு?" என்பதே.

1995-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அம்மாநில முதலமைச்சர், பஞ்சாயத்து வேலைகளின் கணக்குப் படிகள் மக்களுக்கு வழங்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு சென்றது, ஆணை வரவில்லை. 1996-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பியாவர் நகரத்தின் சாங் கேட் என்னுமிடத்தில் கிராம மக்கள் வந்து அமர்ந்தனர். நாற்பது நாட்கள் அமர்ந்திருந்தனர்.

நாற்பது நாள் என்று சொல்வது எளிது. நாற்பது நாளும் நூற்றுக்கணக்கானோர்க்குச் சோறு போட்டது யார்? சுற்றுக் கிராமங்களில் வீட்டுக்கு இத்தனை கிலோ என்று தானியம் திரட்டினர். ஓர் ஊரார் சில நாள் இருந்து திரும்பினால், அடுத்த ஊரார் வந்து அமர்வர். நகரவாசிகளும் வாளாவிருக்கவில்லை. காய்கறி விற்போர் காய்கறி கொடுத்தனர், தொழிற்சங்கத்தினர் துணைநின்றனர், வழிப்போக்கர் உண்டியலில் காசிட்டனர். மாலை வேளைகளில் பாட்டும் கவிதையும் பொம்மலாட்டமும் நடந்தன. கிராமத்தார் கணக்கைக் கேட்கிறார்கள், நமக்கென்ன என்று பியாவர் இருந்திருக்கலாம். ஆனால் கோரிக்கை கூலிக்காக இல்லை, நிலத்துக்காக இல்லை, ஒரு நகலுக்காக! "நம் பணம், நம் கணக்கு" என்பதே அவர்கள் முழங்கிய சொல். ரேஷன் கடையின் எடையிலும், நகராட்சிச் சாலையின் தாரிலும் தமக்கும் இதே கேள்வி இருப்பதைக் கடைத்தெருவார் உணர்ந்துகொண்டனர். அவ்வியக்கத்தைச் சேர்ந்த, நான்காம் வகுப்பு வரையே படித்த பெண்மணி ஒருவரிடம், உங்களுக்கு எதற்குத் தகவல் என்று நிருபர்கள் கேட்டார்களாம். மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரால் கோடிக்கணக்கில் செலவு செய்யும் அரசாங்கத்திடம் கேட்க வேண்டாமா என்ற கருத்தில் அவர் விடையளித்தார். பொருளாதார நூல்களில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் படித்ததில்லை.

அடுத்த ஆண்டு தலைநகரான ஜெய்ப்பூரில் ஐம்பத்து மூன்று நாட்கள் மறியல் நடந்தது. அதன் முடிவு சிறிது நகைப்புக்குரியது. நகல் வழங்கும் ஆணை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டது என்று அரசாங்கம் அறிவித்தது! மக்களுக்குத் தகவல் தரும் ஆணையைப் பற்றிய தகவலே மக்களுக்குத் தரப்படாமல் இருந்திருக்கிறது. 1998-இன் தொடக்கத்தில் நடந்த விசாரணைகளில், ஊர்த்தலைவர் சிலர் பொதுமேடையிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தனர். 2000-ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்திற்கென ஒரு சட்டம் பிறந்தது. இந்திய நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே 2005-இல் இயற்றப்பெற்ற ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலைகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என விதித்தது. கோட் கிரானாவின் பந்தல் ஒரு சட்டப் பிரிவாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ்நாடு இதில் பின்தங்கியிருந்ததா என்றால், காகித அளவில் இல்லை. தகவல் பெறும் உரிமைக்கென 1997-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலம் சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே முந்தியது நாம்தாம். ஆயினும் விலக்குகள் மலிந்த அச்சட்டத்தைக் கிராமங்களில் எவரும் அறியார். அறிந்து பயன்படுத்தியோர் மிகச் சிலர். அங்கே சட்டமின்றி மக்கள் இருந்தனர். இங்கே மக்களின்றிச் சட்டம் இருந்தது. இத்தனைக்கும், பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர்களைக் குடவோலைக்கே தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கிவைத்தது; அவர்தம் நெருங்கிய உறவினரையும் சேர்த்தே ஒதுக்கியது. கல்வெட்டைப் பெருமையோடு மேடையில் எடுத்துரைப்போர் பலர். அப்பகுதியை விட்டுவிட்டே எடுத்துரைக்கின்றனர்.

நம் ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022-ஆம் ஆண்டு முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. வாசிக்கப்படுகிறது என்பதும் உண்மை. எப்படி வாசிக்கப்படுகிறது? "பொது நிதி, குடிநீர், தெருவிளக்கு" என்று தலைப்புவாரியாக இலட்சங்கள் ஒலிக்கின்றன. எந்தத் தெருவில் எத்தனை மீட்டர் சிமெண்டுச் சாலை, எத்தனை மூட்டை சிமெண்டு, யாருக்கு எத்தனை நாள் கூலி என்று ஒலிப்பதில்லை. முன்னதைக் கேட்டுக் கைதட்டலாம். பின்னதைக் கேட்டால்தான் "எங்கள் தெருவில் அவ்வளவு நீளம் இல்லையே" என்று ஒரு குரல் எழும். விஜயபுரா பஞ்சாயத்தார் பின்னாளில் வேலையாட்களின் பெயர்களையும் நாட்களையும் கூலியையும் ஊர்ச் சுவர்களிலேயே எழுதி வைத்தனர். கணிப்பொறியில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பால் வாங்கப் போகும் வழியில் கணிப்பொறி நிற்பதில்லை.

எழும் குரலுக்கு யார் துணை என்பதும் ஊராட்சித் தலைவர்கள் சிந்திக்க வேண்டியதே. கூட்டத்தை வேலைநாளின் நடுப்பகலில் வைத்துவிட்டு, கூலிப் பெண்கள் வரவில்லை என்று குறை கூறுவது நியாயமன்று. நம் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் சேமிப்பும் உள்கடனும் இருக்கின்றன. அவசரத்துக்கு ஆயிரம் ரூபாய் குழுவிலேயே கிடைக்கும் பெண், ஊர்ப் பெரியவரின் முகம் பார்த்துப் பேச வேண்டிய அவசியமில்லை. பீமின் மளிகைக் கடை செய்த வேலையை அக்குழுக்கள் இங்கே செய்ய இயலும். அவற்றை வரவேற்புக்கு ஆரத்தி எடுக்கவும், கூட்டத்துக்குத் தலை எண்ணிக்கை காட்டவும் மட்டும் பயன்படுத்துவது பெரும் வீண்.

நாளைக் காலைப் பயிற்சிக்கு ஒவ்வோர் ஊராட்சியும் சென்ற நிதியாண்டில் முடித்த ஒரே ஒரு வேலையின் கோப்பை மட்டும் கொண்டுவந்தால் போதும். மதிப்பீடு, அளவுப் புத்தகம், மஸ்டர் ரோல், பட்டியல்கள் ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும். அருகிலுள்ள ஊராட்சியார் அதை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். பிற்பகலில், அவ்வேலைகளுள் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதை நேரில் அளந்து பார்ப்போம். அளவு நாடா நம் அலுவலகத்தில் இரண்டு உண்டு; வைத்திருப்பவர்கள் தங்களுடையதையும் கொண்டுவாருங்கள்.